எட்டு நிமிடம் பிந்திக் கேட்ட பாங்கு

வாழைக்குடியில் ஹுமைரா மாடிப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட அன்றுதான், இனி யாராவது வந்து செய்வார்கள் என்று காத்திருப்பதில்லை என மெஹராஜ் பேகம் முடிவு செய்தாள்.

ஐப்பசி அடைமழைக் காலம் அது. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, கோரையாற்றை ஒட்டி இருக்கும் சின்ன ஊர் வாழைக்குடி. கண்ணுக்கு எட்டிய வரை வயல்தான். செல்போன் கோபுரம் எந்தப் பக்கமும் கிட்டத்தில் இல்லை. பள்ளிவாசல் தெருவில் நாற்பது வீடுகள். பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில். வீடியோவில் முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் அந்தத் தெருவில் நடக்கிற காரியமில்லை. குரலாவது கேட்க வேண்டுமென்றால் ஜமாஅத்தின் கல்யாண மண்டபமான ஷாதி மஹால் மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலையில் நிற்க வேண்டும். பெண்கள் அங்கே வரிசை கட்டி நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்துவார்கள். "கேக்குதா? ஹலோ, கேக்குதா?" என்பதிலேயே பாதிப் பேச்சு தீர்ந்துவிடும். அன்று மழையில் நனைந்த படியில்தான் ஹுமைரா வழுக்கினாள். குவைத்தில் இருக்கும் கணவன் ஜாபிரிடம் பேசிக்கொண்டே இறங்கியிருக்கிறாள்.

அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது மெஹராஜ்தான். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அதே தெருவில் பிறந்து அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். பிளஸ் டூவில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவளை, "போதும்" என்று வீட்டில் நிறுத்தினார்கள். இருபது வயதில் மூஸாவைக் கட்டிவைத்தார்கள். மகள் ரிஃப்கா கைக்குழந்தையாக இருக்கும்போது மூஸா குவைத்துக்குப் போனார். அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளோடு வருவார். நாற்பது நாள் இருப்பார். போய்விடுவார். அப்படியே காலம் ஓடிவிட்டது. மெஹராஜ் தையல் கற்றுக்கொண்டாள். ஷாதி மஹாலின் பக்கத்து அறையில் பதினைந்து பெண்களுக்கு வகுப்பும் நடத்தினாள். ரிஃப்கா இப்போது ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில், ஹாஸ்டலில் இருக்கிறாள். அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போட மெஹராஜும் மகளும் நீடாமங்கலத்துக்கு ஏழு தடவை பஸ் ஏறினார்கள். ஒவ்வொரு தடவையும் பிரவுசிங் சென்டரில் ஒரு காகிதம் குறைவதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

ஹுமைராவின் கைக்கு மாவுக்கட்டு போட்ட மறுநாள், ஜமாஅத் செயலாளர் முபாரக் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மஹாலுக்கு ஒரு நெட் லைன் வாங்கணும்ணே. ஊருக்கே பொதுவா, ஒரே லைன்."

முபாரக் நல்ல மனிதர்தான். ஆனால் எதற்கும் முதலில் யோசிப்பவர். "எளவட்டம் பூரா அங்கேயே கெடக்கும்மா. அப்பறம் பொம்பளைங்க எப்படி வர்றது?"

"நேரம் பிரிச்சுக்குவோம். காலையில பத்துலேருந்து மத்தியானம் லுஹர் தொழுக வரைக்கும், அப்பறம் நாலுலேருந்து ஏழு வரைக்கும் பொம்பளைங்க. மத்த நேரம் அவங்க. நோட்டுல நானே எழுதி வெச்சுப் பாத்துக்குறேன்."

"ஹும். கட்டுபடியாகுமா?"

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. நீடாமங்கலத்தில் கேபிள் டிவி நடத்தும் நெடுஞ்செழியனை முதல்நாளே பார்த்துவிட்டாள். "ஒரு தெருவுக்காக லைன் இழுத்தா எனக்குக் கட்டாது பாயம்மா. பதினாலு கம்பம் தாண்டி வரணும்" என்று அவர் கையை விரித்திருந்தார். அப்படியானால் இரண்டு தெருவாகச் சேர்ந்துகொள்வது என்று மெஹராஜ் கணக்குப் போட்டாள். ஆற்றோரத் தெருவில் எழுபது குடும்பங்கள். வயல்வேலை செய்தே வளர்ந்த குடும்பங்கள் அவை. இப்போது சிலருக்குச் சொந்த நிலமும் உண்டு, போலீஸில் இருப்பவரும் உண்டு. வீட்டுக்கு மாதம் நாற்பது ரூபாய் என்றால் யாருக்கும் பாரமில்லை.

"ஆத்தோரத் தெருக்காரங்க நம்ம மஹாலுக்குள்ளயா?" என்றார் முபாரக்.

"லைன் வர்ற பதினாலு கம்பத்துல ஒம்பது கம்பம் அவங்க தெருவுலதாண்ணே நிக்குது" என்றாள் மெஹராஜ்.

முபாரக் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தாள்.

ஆற்றோரத் தெருவை வளைத்துக் கொடுத்தது அம்சம். ஐம்பது வயதுக்காரி. நடவு கோஷ்டியின் தலைவி. அவள் ஒரு சொல் சொன்னால் முப்பது பெண்கள் வரப்பில் வந்து நிற்பார்கள். அவளுடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்தான். "எம் புள்ள மூஞ்சியப் பாத்து நாலு மாசமாச்சு பாயம்மா. நாப்பது ரூவாதானே, குடுத்துட்டாப் போச்சு" என்று சொல்லி, வீடு வீடாக நடந்து ஆள் சேர்த்தாள். கார்த்திகை முழுக்கக் கம்பிவட வேலை நடந்தது. சேற்றில் ஏணி நிற்காமல் நெடுஞ்செழியனின் ஆட்கள் இரண்டுமுறை வயலில் விழுந்தார்கள். ஒரு கம்பத்தில் ஏறவிடாமல் குளவிகள் மூன்று நாள் மறியல் செய்தன.

மார்கழி முதல் ஞாயிறு சாயங்காலம் இணைப்பு வந்தது.

ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்ததும் மஹாலுக்குள் எழுந்த கூச்சலை மெஹராஜ் சாகும்வரை மறக்க மாட்டாள். அம்சம் தன் மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்டா இப்படி எளைச்சுட்ட?" என்று ஃபோனைத் திட்டினாள். ஒருத்திக்கு சவூதியில் பிறந்த பேரன் முகம் முதன்முதலாகத் தெரிந்தது. ஹுமைரா கட்டுப் போட்ட கையோடு சுவரோரம் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அப்பறம் பேசிக்கறேன் லாத்தா" என்றாள். மெஹராஜை அக்கா முறை வைத்து அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

எல்லாரும் பேசி முடிக்கட்டும் என்று மெஹராஜ் காத்திருந்தாள். ஆறு மணிக்குச் சற்று முன்னால் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு சொன்னார்கள். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். மஹால் காலியானது. இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் தொழுதுகொள்ளலாம் என்று மெஹராஜ் மூஸாவுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை படம் இல்லாமல் குரல் மட்டும் வந்தது.

"டியூட்டியில இருக்கேன் மெஹராஜு. வீடியோ போட்டா மேனேஜர் கத்துவான்."

அந்தக் குரலைக் கேட்டு அவள் அசந்துபோனாள். பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவு. இத்தனை வருடமாக உடைந்து உடைந்து, பாதி வார்த்தையைக் காற்று தின்றுவிட்டு மீதியாக வந்த குரல் இது. லைன் வந்த கதையை, கம்பம், குளவி, முபாரக்கின் சிரிப்பு என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவரும் "ம்", "அடேங்கப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே மணி மூன்றரை என்றும், சரக்கு வந்து இறங்கியிருக்கிறது என்றும் சொன்னார்.

அப்போது அவர் பக்கமிருந்து பாங்கு சத்தம் கேட்டது.

முதலில் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. நம்மூர் பாங்குதானே என்று நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. நம்மூர் பாங்கு சொல்லி முடித்தாகிவிட்டது. இது ஃபோனுக்குள் கேட்கிறது. ஒலிபெருக்கியில், கொஞ்சம் கரகரத்து, அழகான நீண்ட குரலில் கேட்கிறது. மூஸாவோ எதுவுமே நடக்காததுபோல, "அப்பறம்? நெடுஞ்செழியன் என்ன சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் தினமும் கேட்டுப் பழகிய காதுக்கு அது தனியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது.

குவைத்தில் மஃரிப் பாங்கு சொல்லும்போது வாழைக்குடியில் இரவுத் தொழுகையான இஷாவுக்கே பாங்கு சொல்லியிருப்பார்கள். பதினேழு வருடமாகக் குவைத்துக்காரரின் பெண்டாட்டியாக இருப்பவளுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். அங்கே மூன்றரை மணிக்கு எந்தப் பாங்கும் கிடையாது.

"சரி, தொழப் போறேன்" என்று ஃபோனை வைத்தாள்.

தொழவில்லை. தையல் அறையில், வெட்டிப் போட்ட துணிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். தொழுகை நேரம் பார்க்கும் செயலி ஃபோனில் இருந்தது. அதில் ஊரை மாற்றி மாற்றிப் பார்த்தாள். இங்கே பாங்கு சொன்னதற்கும் அங்கே கேட்டதற்கும் நடுவில் எட்டு நிமிடம். கூப்பிட்ட நேரத்தை ஃபோனே காட்டியது. திருச்சி மூன்று நிமிடம் பிந்தியது. ஈரோடு ஏழு. திருப்பூர் எட்டு. கோயம்புத்தூர் பத்து. பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்கும்தான். ஆனால் அந்தப் பட்டியலில் எந்த இடத்திலும் குவைத்துக்கு வழியில்லை.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. வேறு ஒரு குடும்பம் இருக்கிறதோ என்ற நினைப்பு வந்தபோது வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டாள்.

மறுநாள் அவள் சொன்னது அம்சத்திடம் மட்டும்தான். தெருவில் யாரிடம் சொன்னாலும் அது தெரு பூராவும் போய்விடும். அம்சம் களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டாள்.

"இதுல மனசுக்குள்ள வெச்சுப் புழுங்க என்னா இருக்கு? கேட்டுப்புடுங்க பாயம்மா. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுரும்" என்றாள்.

மெஹராஜ் மஹாலுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள்.

"நேத்து நீங்க பேசுனப்ப உங்க பக்கம் பாங்கு கேட்டுச்சு. அது எந்த ஊரு பாங்கு?"

பதில் இல்லை. முன்பெல்லாம் இப்படி அமைதியானால் லைன் துண்டித்துவிட்டது என்று வைத்துவிடுவாள். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. யாரோ எச்சில் துப்புவதுகூடக் கேட்டது.

"திருப்பூரு" என்றார் மூஸா.

"எத்தன நாளா?"

"பதினாலு மாசமாச்சு."

நாள் கணக்கில் ஏதோ சொல்வார் என்றுதான் கேட்டிருந்தாள்.

"நாளைக்கு விடியக்காலையில வர்றேன். பழைய பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அம்சமும் கூடவே கிளம்பினாள். மன்னார்குடியிலிருந்து கோயம்புத்தூர் போகும் ரயிலில் இருவரும் நீடாமங்கலத்தில் ஏறினார்கள். அம்சம் வழியெல்லாம் எதையும் தோண்டித் துருவவில்லை; கரூர் தாண்டியதும் ஒரு வாழைப்பழத்தை உரித்து அவள் கையில் வைத்தாள், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் முதலில் அவரை அடையாளமே தெரியவில்லை. அவள் தேடியது கறுப்புத் தாடி வைத்த, தொந்தி லேசாக விழுந்த ஒரு மனிதரை. அனுப்பிய படங்களெல்லாம் அப்படித்தான் இருந்தன. அவை பழைய படங்கள் என்பது இப்போதுதான் புரிந்தது. எதிரே நின்றவருக்குத் தாடி முழுக்க வெள்ளை. கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தில் பனியன் கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அங்கங்கே தீய்ந்த தழும்புகள்.

"அயர்ன் வேல. பொட்டி படும் சில நேரம்" என்றார், அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து. கடைசியாக ஊருக்கு வந்துபோன பிறகு நேரில் சொன்ன முதல் பேச்சு அது.

ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். குவைத் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள் என்று அவர் சொல்லத் தொடங்கினார். இரண்டு மாதம் அங்கே அலைந்திருக்கிறார். கடைசியில் டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திருச்சி விமான நிலையத்தில் இறங்கி, மத்திய பஸ் நிலையத்துக்கு வந்தபோது தஞ்சாவூர் பஸ் ஒரு பக்கம், திருப்பூர் பஸ் ஒரு பக்கம் நின்றதாம். கையில் ஒரே ஒரு பை. அட்டைப்பெட்டி இல்லாமல் தெருவுக்குள் எப்படி நடந்து போவது என்று யோசித்து யோசித்து, தஞ்சாவூர் பஸ் மூன்று போனதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். அப்புறம் திருப்பூர் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் குவைத் நம்பர் அப்படியே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு மாதம் சமாளித்துவிட்டு வேறு விசா வாங்கிப் போய்விடலாம் என்று நினைத்தது, ஒவ்வொரு மாதமாகத் தள்ளிப்போய்விட்டது.

"ரிஃப்காவ ஹாஸ்டல்ல விடப் போனப்ப, லீவு கெடைக்கலன்னு அழுதீங்களே. அப்ப எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"அத்தா மவுத்தானப்ப?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மெஹராஜின் தகப்பனார் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஃப்ளைட் டிக்கெட் கிடைக்கவில்லை என்று அன்று ஃபோனில் சொன்னவர் இவர்.

"வந்தேன்" என்றார். "பஸ்ஸு ஏறி நீடாமங்கலம் ரயில்வே கேட்டு வரைக்கும் வந்தேன். கேட்டு அடைச்சிருந்துச்சு. பஸ்ஸு அரை மணி நேரம் நின்னுச்சு. நம்ம தெருக்காரங்க ரெண்டு பேரு முன்னால பைக்குல நின்னாங்க. கேட்டு தெறக்குறதுக்குள்ள எறங்கித் திரும்பிட்டேன்."

அத்தாவின் மையித்தை வாசலில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை கடல் கடந்து கிடக்கிறாரே என்று தெருவே இவளுக்காக அழுதது. அந்த மாப்பிள்ளை எட்டு கிலோமீட்டரில், ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறார். அவள் கை அவளை அறியாமலே ஓங்கியது. அம்சம் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து ஒருவன், "மச்சான், சூப்பர்வைசர் தேடுறாரு" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். மெஹராஜ் திரும்பினாள். அவன் அப்படியே நின்றுவிட்டான். ஹுமைராவின் கணவன் ஜாபிர்.

அவன் மூஸாவுக்கு எட்டு மாதம் முன்பே வந்துவிட்டானாம். மூஸாவைத் திருப்பூருக்கு வரச்சொன்னதே அவன்தான். இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள்.

"லாத்தா, ஹுமைராகிட்ட சொல்லிறாதீங்க. அவ தாங்க மாட்டா" என்று நடுத்தெருவில் கைகூப்பினான்.

மெஹராஜ் அவனைவிட்டுத் திரும்பினாள். மூஸாவைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஊருக்கு வரணும். பகல்ல வரணும். தெரு வழியா நடந்து வரணும்" என்றாள். அவர் தலையாட்டினார். வருவார் என்று அவள் நம்பவில்லை.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் சாயங்காலம், நோட்டில் எழுதியிருந்த தன் நேரத்துக்கு ஹுமைரா மஹாலுக்கு வந்தாள். மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது, கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஹராஜ் நோட்டை மூடிவைத்துவிட்டு அவளையே பார்த்தாள். இந்தப் பெண் பேசிப் பேசிக் கையை முறித்துக்கொண்டது திருப்பூரில் இருக்கிறவனிடம். இதை இவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? தன்னைப்போல இவளும் ஏமாந்துகொண்டே இருக்கட்டும் என்று விட மனசு ஒப்பவில்லை. தையல் அறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

ஹுமைரா அழவில்லை. தரையில் கிடந்த நூல்கண்டை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள்.

"தெரியும் லாத்தா."

"என்னா தெரியும்?"

"அவர் திருப்பூர்ல இருக்கறது. ஒரு வருஷத்துக்கு மேலயே தெரியும். புள்ளைக்கு குவைத்லேருந்து ஆள்கிட்ட குடுத்தனுப்புனதா ஒரு டீசர்ட் வந்துச்சு. கழுத்துக்கிட்ட தையல்ல திருப்பூர்னு சீட்டு இருந்துச்சு. அதப் பிரிச்சுப் போட்டுட்டுத்தான் உங்ககிட்ட சின்னது பண்ணித் தைக்கக் குடுத்தேன்."

மெஹராஜுக்கு அந்த டீசர்ட் ஞாபகம் வந்தது. நீல நிறம். அதைத் தன் கையாலேயே பிரித்துத் தைத்திருக்கிறாள்.

"அப்ப எதுக்குடி மழையில மாடி ஏறுன?"

"ஏறாம இருந்தா தெரு கேக்குமே. புருஷன் குவைத்துல இருக்கறவ மாடியில நின்னு கத்தித்தானே ஆவணும்."

மெஹராஜ் அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டாள். "மூஸாவும் அங்கதான் இருக்காருன்னு தெரியுமா?"

ஹுமைரா நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவர் பேசும்போது பின்னால மச்சான் இருமுறது கேக்கும். அந்த இருமல் எனக்குத் தெரியாதா?"

"எங்கத்தா மவுத்தானப்ப நீ எம் பக்கத்துலதானே உக்காந்திருந்த. எனக்குத் தண்ணி குடுத்தது நீதானே."

"ஆமா."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா நீங்க அன்னைக்கே போயி அவரக் கூட்டியாந்திருப்பீங்க. உங்க தைரியம் அப்படி. அப்பறம் ஜாபிர் பேரும் வெளிய வரும். அவரு திரும்பி வந்தா இந்த ஊருல தலைநிமிர மாட்டாரு லாத்தா. அவரு குவைத்துல இருக்கறதா நான் நம்புறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரே, அந்தத் தெம்புலதான் வேல பாக்குறாரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு. நான் எம் புருஷனப் பாத்துக்கிட்டேன். உங்களப் பாக்கல. அது தப்புதான்."

அதற்குமேல் அந்த அறையில் மெஹராஜால் உட்கார முடியவில்லை. கணவன் மறைத்ததைவிட இதுதான் அவளை உலுக்கிப் போட்டது. அவர் தூரத்தில் இருந்து மறைத்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டே மறைத்தாள். "எந்திரிச்சுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு ஆண்கள் வெள்ளைச் சட்டையில் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். மஹால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெஹராஜ் நின்றாள். பன்னிரண்டே கால் பஸ் வந்து போனது. தெருமுனையில் ஒருவர் வந்தார். கையில் ஒரே ஒரு பை. வெள்ளைத் தாடி. சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார்.

முதலில் பார்த்தவர் முபாரக். "அடடே, மூஸா! அஸ்ஸலாமு அலைக்கும். எப்ப வந்தீங்க? சொல்லவே இல்ல!"

மூஸா சலாமுக்குப் பதில் சொன்னார். நின்றார். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். இப்போதுகூட ஒரு பொய் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியும். நேற்றுத்தான் வந்தேன் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

"பதினஞ்சு மாசம் ஆவப் போவுதுண்ணே. திருப்பூர்ல அயர்ன் பண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றார் மூஸா.

முபாரக் வாய் பிளந்து நின்றார். பின்னால் இருந்து ஒருவர் மட்டும், "பாங்கு சொல்லிட்டாங்க, மொதல்ல தொழுவோம் வாங்க" என்று அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் தெருவில் இதே பேச்சு. சிலர் சிரித்தார்கள். வெளிநாட்டில் கணவன் இருக்கிற பெண்கள் சிரிக்கவில்லை. மஹாலில் அவரவர் நேரத்துக்கு வந்து, "வீடியோவ ஆன் பண்ணுங்க. ஆன் பண்ணுங்கன்றேன்ல" என்று அவர்கள் அதட்டும் சத்தம் தையல் அறைவரை கேட்டது. ஒருத்தியின் கணவன் படத்தைப் போட்டபோது பின்னால் சென்னை ஹோட்டல் சமையல்கட்டு தெரிந்தது. நெட்டை எடுத்துவிடலாம், குடும்பங்களில் குழப்பம் வருகிறது என்று ஜமாஅத் கூட்டத்தில் ஒருவர் பேசினாராம். "கொழப்பம் நெட்டால வரல" என்று முபாரக் உட்காரவைத்துவிட்டார்.

ரிஃப்காவுக்கு ஃபோனில் சொன்னார்கள். அவள் தாயிடம், "ஒரத்தநாட்டுலேருந்து திருப்பூருக்கு அஞ்சு மணி நேரம்தாம்மா" என்று மட்டும் சொன்னாள். பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது தகப்பனோடு முகம் கொடுத்துப் பேச அவளுக்கு மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் அவர் கைத் தழும்புகளுக்குத் தன் பையிலிருந்து ஏதோ களிம்பை எடுத்துத் தடவிவிட்டாள்.

மூஸா இப்போது நீடாமங்கலத்தில் ஒரு அரிசி ஆலையில் ஸ்டோர் பார்க்கிறார். காலையில் பஸ்ஸுக்குப் போய் சாயங்காலம் வருகிறார். தினமும் வீட்டுக்கு வருகிற புருஷனோடு வாழ்ந்து மெஹராஜுக்குப் பழக்கமில்லை. சில சமயம் அடுப்படியில் திரும்பும்போது அவர் நின்றுகொண்டிருந்தால் தூக்கிவாரிப் போடுகிறது. கோபம் போய்விட்டதா என்று அம்சம் கேட்டால், "போற அன்னைக்குச் சொல்றேன்" என்கிறாள்.

ஹுமைராவோடு மட்டும் அவள் பேசவே இல்லை. தன் நேரத்துக்கு ஹுமைரா வருவாள், மெஹராஜ் நோட்டில் குறித்துக்கொள்வாள், அவ்வளவுதான். மாசி மாதம் ஒரு நாள், மஹாலில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது ஹுமைரா நேராக மேஜையருகே வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"என் நேரத்த மாத்தித் தரணும் லாத்தா. சாயங்காலம் முடியாது. திருப்பூர்ல அவருக்கு ஷிப்டு மாறிடுச்சு."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். மெஹராஜ் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள்.

"டே ஷிப்டா, நைட் ஷிப்டா?"

"நைட்டு."

"அப்ப காலையில பத்தரைக்கு வா" என்று எழுதிக்கொண்டாள்.